வட்டிக்கடையும் வரலாறும்: பர்மாவில் நகரத்தார்

ஒரு சமூகத்தின் வணிகத்தை எவர் எழுதுகின்றாரோ அவர் இட்ட பெயரே அவ்வணிகத்திற்கு நிலைத்து விடுகின்றது. தொழில் செய்தவர் தம் வாயால் சொன்னால் அது 'கொண்டுவிக்கல்'. கடன்பட்டவர் சொன்னால் அது 'வட்டிக் கொடுமை'. ஆட்சியாளர் அறிக்கையில் எழுதினால் அது 'பாரம்பரிய வட்டித்தொழில்'. இக்காலப் பொருளியல் அறிஞர் எழுதினால் அதுவே 'இனக்குழுத் தொழில்முனைவு'. பொருள் ஒன்று, பெயர் நான்கு. இந்நான்கில் எது உண்மை என வினவுவதைவிட, ஒவ்வொரு பெயரும் எதனைக் காட்டி எதனை மறைக்கின்றது என ஆராய்வதே வரலாற்று மாணவனுக்குத் தகும். பர்மாவில் வணிகம் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வரலாறு இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதொரு களமாகும்.

தலைநகர்த் தமிழராகிய நமக்கு இப்பொருளோடு அணுக்கமான தொடர்பு ஒன்றும் உண்டு. தமிழ்ச் சங்கக் கட்டடம் எழுந்துள்ள இராமகிருஷ்ணபுரத்திற்கும், 1973இல் குடமுழுக்குக் கண்ட மலை மந்திர் முருகன் கோயிலுக்கும் அருகிலேயே முனிர்கா உள்ளது. அம்முனிர்காவை ஒட்டி, 1969இல் தொடங்கப்பெற்ற ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் அமைந்திருக்கின்றது. அப்பல்கலைக்கழகத்தில் 1976ஆம் ஆண்டு, இராமன் மகாதேவன் என்னும் ஆய்வாளர், தமிழ்நாட்டு நாட்டுக்கோட்டைச் செட்டியார் சமூகத்தில் தொழில்முனைவு தோன்றி வளர்ந்த வரலாற்றை எம்.பில். பட்ட ஆய்வேடாக அளித்தார். 1880 முதல் 1930 வரையிலான ஐம்பதாண்டுக் காலமே அவர் எடுத்துக்கொண்ட எல்லை. தொடர்ந்து 1978இல் பர்மா நகரத்தாரைப் பற்றி ஒன்றும், மலேயா நகரத்தாரைப் பற்றி ஒன்றுமாக இரு கட்டுரைகளை அவர் வெளியிட்டார். இரண்டின் தலைப்பிலும் 'புலம்பெயர்ந்த தொழில்முனைவோர்' என்ற தொடர் இடம்பெற்றது. அதுகாறும் அரசாங்க ஏடுகளில் 'வட்டிக்காரர்' என்றே வழங்கப்பட்டவர்க்கு இப்பெயர் மாற்றம் சிறியதொன்றன்று. அதன் அருமையை உணர, முன்பு எழுதப்பட்டவற்றை நாம் ஒருமுறை நோக்க வேண்டும்.

அந்நியர் எழுதிய சித்திரம்

எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூலில் நாட்டுக்கோட்டைச் செட்டியாருக்கும் இடம் உண்டு. மணமுறை, அணிகலன், வீடு, வழிபாடு ஆகியவற்றோடு வணிகமும் அங்கே ஒரு சாதியின் 'வழக்கம்' போல எழுதப்பட்டது. வங்கித்தொழில் என்பது திறமையாலும் முறைமையாலும் கட்டியெழுப்பப்பட்ட ஓர் அமைப்பு என்ற எண்ணம் அவ்வகை நூல்களில் எழ இடமில்லை. மீனவன் மீன் பிடிக்கின்றான், செட்டி வட்டி வாங்குகின்றான் என்ற அளவிலே அவை நின்றன.

ஏறத்தாழ அதே காலத்தில், 1916-17இல், ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் இந்தியச் சமயங்களைப் பற்றி எழுதினார். சாதிக் கட்டுப்பாடும் சடங்கும் மிகுந்த சமுதாயத்தினின்று நவீன முதலாளித்துவம் தானாக முகிழ்த்தல் அரிது என்பது அவர் கொள்கை. சாதியும் கோயிலுமே மூலதனத்தைத் திரட்டும் கருவிகளாக அமைந்த ஒரு சமூகம் அந்நாளிலே இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை விரித்திருந்தது. அதனை அக்கொள்கை கணக்கில் கொள்ளவில்லை. 1964இல் சென்னைத் தொழிலதிபர் பலரைக் கண்டு ஆராய்ந்த மில்டன் சிங்கர், 1972இல் வெளியான தம் நூலில், மரபும் புதுமையும் ஒருங்கே வாழும் இயல்பை எடுத்துக்காட்டி, வெபரின் கூற்று அவ்வண்ணமே ஏற்கத்தக்கதன்று என நிறுவினார்.

மூன்றாவதாக, 1929-30இல் பர்மா மாகாண வங்கித்தொழில் விசாரணைக் குழு அமைந்தது. நகரத்தாரைப் பற்றி இன்றுவரை எழுதுவோர் அனைவரும் திரும்பத் திரும்பப் புரட்டுகின்ற ஆவணம் அதன் அறிக்கையே. பர்மாவில் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவற்றில் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் புழங்கியது என்றும் அக்குழு கணித்தது. அதன் முன் சான்று கூறிய ஒருவர், செட்டியார் வங்கிகளை, தாம் தீண்டிய நிலத்தையெல்லாம் கருக்குகின்ற நெருப்புநாகத்திற்கு ஒப்பிட்டார். 2009இல் ஷான் டர்னெல் என்னும் ஆஸ்திரேலியப் பொருளியலறிஞர் பர்மிய நிதி வரலாற்றை எழுதியபோது அவ்வுவமையையே தம் நூலின் தலைப்பாக்கினார். ஆனால் அந்நூல் அவ்வுவமையை வழிமொழியவில்லை, அதனை வினாவுக்குள்ளாக்கியது. அறிக்கையும்கூடச் செட்டியாரைப் பழித்து மட்டும் எழுதப்பட்டதன்று. உள்ளூர் வட்டிக்காரரை நோக்கச் செட்டியாரின் வட்டி குறைவு என்பதை அதுவே பதிவு செய்துள்ளது. எனினும், படிப்போர் நினைவில் நின்றது நாகம். நில்லாது மறைந்தது வட்டி விகிதம்.

கிட்டங்கியின் இயக்கம்

இனி, அவ்வணிகம் உள்ளிருந்து எவ்வாறு இயங்கியது என்பதைக் காண்போம். நகரத்தார் தம்மைக் காவிரிப்பூம்பட்டினத்து வணிக மரபினர் எனக் கூறிக்கொள்வர். அதன் பின்னர்க் கிட்டும் திட்டமான சான்றுகளில் தலையானவை, பழனியோடு அவர்களுக்கிருந்த உப்பு வணிகத்தையும் காணிக்கையையும் குறிக்கும் 17ஆம் நூற்றாண்டுப் பட்டயங்களாகும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்னும் ஒன்பது நகரக் கோயில்களே அச்சமூகத்தின் உறவு வரம்பை வகுத்தன. மணம் கொள்வதும் கொடுப்பதும் அக்கோயிற் பிரிவுகளை ஒட்டியே நிகழ்ந்தன. மணவுறவு எங்குண்டோ அங்கே பணவுறவும் உண்டு.

வெளிநாட்டுக் கடையில் மேலாள் ஒருவர், அவருக்குக் கீழ் அடுத்தாள், கடைநிலையில் பெட்டியடிப் பையன் என்ற வரிசை இருந்தது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் பணப்பெட்டியருகே அமர்ந்து, எடுபிடி வேலை செய்து, பேரேடும் குறிப்பும் எழுதக் கற்று, வட்டிச் சிட்டை மனப்பாடமாகி, காலப்போக்கில் அடுத்தாளாகவும் மேலாளாகவும் உயர்ந்தான். மேலாள் சம்பளச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்றாண்டுக் கணக்கிற்குக் கப்பலேறுவார். ஊதியத்தின் ஒரு பகுதி முன்னதாகவே குடும்பத்திற்குக் கிட்டும்; ஆதாயத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. பின் தம் சேமிப்பை முதலாக வைத்துத் தாமே கடை வைத்தவரும் பலர். இது ஒரு தொழிற்பள்ளி; அதற்குப் பட்டமளிப்பு விழா மட்டுமே இல்லை.

மூலதனம் திரண்ட முறையும் கருதத்தக்கது. முதலாளி இட்டது முதல்பணம். அதன்மேல் உறவினரும் பிறரும் வைத்த வைப்பு மேம்பணம். கோயில் நிதியும் கடையில் வட்டிக்கு நின்றது. பெண்டிர் சீராகக் கொணர்ந்த பணம் 'ஆச்சிமார் பணம்' என்ற பெயரில் தனிக் கணக்காக வளர்ந்தது. ஒரு கடைக்குப் பணமுடை நேர்ந்தால் மற்றொரு கடை உண்டியல் மூலம் உதவும். அத்தகைய கொடுக்கல் வாங்கலுக்குரிய 'நடப்பு வட்டி'யை, தமிழ் மாதந்தோறும் இரங்கூன் மொகல் தெருவிலிருந்த செட்டியார் கோயிலிற் கூடி முடிவு செய்தனர். பிற நாடுகளில் மைய வங்கி செய்யும் பணியில் ஒரு கூற்றை இங்கே தண்டாயுதபாணி சந்நிதியிற் கூடிய கூட்டம் செய்தது. ஈட்டியதில் ஒரு பகுதி மகமையாகக் கோயிலுக்கும் அறத்திற்கும் சென்றது. அம்மகமை வெறும் பக்தி மட்டுமன்று, நாணயத்தின் அடையாளமுமாகும் என்பதை அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். சாதியும் கோயிலும் வணிகத்திற்குத் தடை என்று எழுதியவர்க்கு, அவையே வணிகத்தின் உறுப்புகள் என்பது ஏற்ற விடையாயிற்று.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இவ்வமைப்பு பர்மாவில் ஏன் இத்துணைப் பெரிதாக வளர்ந்தது? திறமை ஒன்றையே காரணமாகக் கூறுவது அரைகுறை விடையாகும். 1852இல் ஆங்கிலேயர் கீழைப் பர்மாவை வென்றனர். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1876ஆம் ஆண்டு நிலவரிச் சட்டத்தால், காடழித்துப் பயிரிட்டவனுக்கு நிலத்தில் உரிமை பிறந்தது. அவ்வுரிமையை அடகு வைக்கவும் வழி பிறந்தது. 1850களில் பத்து இலட்சம் ஏக்கரினும் குறைவாக இருந்த நெல் விளைநிலம், 1930களில் 85 இலட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. காடழிக்கவும், எருது வாங்கவும், அறுவடை வரை உண்ணவும் உழவனுக்குப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் துறைமுக நகரத்து ஏற்றுமதி வணிகத்தோடு நின்றன. சேற்று நிலத்தை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுக்க அவை முன்வரவில்லை. அவ்விடைவெளியில் இறங்கியவர் நகரத்தார். தம் முதலோடு, அவ்வங்கிகளிடமிருந்து பெற்ற கடனையும் சேர்த்து, ஆற்றுக் கழிமுகத்தின் உட்பகுதி வரை கொண்டு சென்றனர். 1920களில் பர்மா ஆளுநராயிருந்த சர் ஹார்கோர்ட் பட்லர், செட்டியார் இல்லையேல் அந்நாட்டின் முன்னேற்றம் இல்லை என்ற கருத்துப்படப் புகழ்ந்துரைத்ததும் இதனாலேயே.

ஆகவே, நகரத்தார் வணிகம் ஏகாதிபத்தியத்திற்கு வெளியே தனித்து வளர்ந்ததும் இல்லை. ஏகாதிபத்தியத்தின் வெறும் கைக்கருவியாக இருந்ததும் இல்லை. உச்சியில் ஐரோப்பிய வங்கியும் ஏற்றுமதி நிறுவனமும், அடியில் பர்மிய உழவனும், இடையில் தமிழ் வணிகனுமாக அமைந்த படிநிலை அது. பர்மாவில் ஆட்சிப் பணியாற்றிய ஜே. எஸ். ஃபர்னிவல், பல இனத்தார் சந்தையில் மட்டும் கூடி வாழ்வில் கூடாத இத்தகைய சமுதாயத்தைப் 'பன்மைச் சமுதாயம்' எனப் பெயரிட்டார். 1973இல் எட்னா போனாசிச் என்னும் சமூகவியலறிஞர் 'இடைத்தரகுச் சிறுபான்மையினர்' என்றொரு கோட்பாட்டை வகுத்தபோது, தென்கிழக்காசியச் சீனரையும் ஐரோப்பிய யூதரையும் போன்றோர் அதற்குச் சான்றாயினர். இடையில் நிற்பவனுக்கு ஆதாயம் உண்டு. ஆனால் மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் கீழே உள்ளவன் கண்ணுக்கு முதலில் தென்படுபவனும் அவனே. இலண்டனில் இருக்கும் பங்குதாரனை உழவன் கண்டதில்லை. தன்னூர்க் கடையில் திருநீறு பூசி அமர்ந்திருந்த மேலாளைத்தான் அவன் கண்டான்.

அவ்வாறே நேர்ந்தது. 1929க்குப் பின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்லின் விலை பாதிக்கும் கீழாக வீழ்ந்தது. உழவரால் கடனடைக்க இயலவில்லை. ஈடாக வைத்த நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழைப் பர்மாவின் முதன்மையான நெல் விளையும் 13 மாவட்டங்களில், 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது; 1937-38இல் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. நிலம் வாங்குவது அவர்கள் விரும்பிய தொழிலன்று. சுழல வேண்டிய பணம் சேற்றிற் புதைந்து போவதை எந்த வங்கிக்காரரும் விரும்பார். ஆயினும் நிலம் இழந்த உழவனுக்கு இந்த விளக்கம் எவ்வகை ஆறுதலும் தராது. தானும் தன் தந்தையும் காடழித்துத் திருத்திய மண்ணில் அவன் குத்தகைக்காரனானான் என்பதே அவன் அறிந்த உண்மை.

இங்கேதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். அந்நியர் எழுதிய இழிசித்திரத்தை நீக்குகின்றோம் எனப் புறப்பட்டு, அவ்விடத்தில் நம்மவர் பெருமை பாடும் மெய்க்கீர்த்தியை நிறுத்தினால், அது ஆராய்ச்சியைக் காலனியத்திலிருந்து விடுவித்ததாகாது. நாயகனை மாற்றியதாக மட்டுமே ஆகும். மவோரி இனத்தைச் சார்ந்த லிண்டா துஹிவாய் ஸ்மித், ஆராய்ச்சி முறைகளைக் காலனியப் பிடியினின்று மீட்பது பற்றி 1999இல் எழுதிய நூல் உலகெங்கும் பயிலப்படுகின்றது. யாருக்காக, யாருடைய சொற்களால், யாருடைய நன்மைக்காக ஆய்வு நடக்கின்றது என்பதே அவர் எழுப்பிய வினா. அவருக்கு முன்னரே, 1977இல், சையத் உசேன் அலாத்தாஸ், 'சோம்பேறி நாட்டவன்' என்னும் கற்பனையை ஆட்சியாளர் எவ்வாறு படைத்தனர் என்பதை மலாயர், ஜாவானியர், பிலிப்பினர் ஆகியோரைக் கொண்டு விளக்கினார். பர்மிய உழவனின் ஊதாரித்தனத்தாலேயே அவன் நிலம் பறிபோயிற்று என்று நம்மவர் சிலர் இன்றும் கூறுவதுண்டு. ஆட்சியாளர் படைத்த அக்கற்பனையின் எதிரொலியையே அவர்கள் பேசுகின்றனர் என்பதை அலாத்தாஸின் நூல் நமக்கு உணர்த்தும்.

அடிபட்டவர் யார்?

'இனக்குழுத் தொழில்முனைவு' என்னும் தொடருக்கு மற்றொரு குறையும் உண்டு. ஓர் இனம் முழுவதும் ஒரே தொழிலில், ஒரே நிலையில் இருந்தது போன்ற தோற்றத்தை அது தருகின்றது. இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர், ஆலைகளில் நெல் குத்தியோர், தெருக்களைத் துப்புரவு செய்தோர் ஆகியோரில் தெலுங்கரும் தமிழரும் ஏராளமாக இருந்தனர். 1930ஆம் ஆண்டு மே மாதம் இரங்கூனில் மூண்ட கலவரத்தில் கொல்லப்பட்டோர் பெரும்பாலும் தெலுங்குத் துறைமுகத் தொழிலாளரே. 1938இல் மீண்டும் கலவரம் மூண்டது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது, வசதியுடையோர்க்குக் கப்பலில் இடம் கிடைத்தது; ஏழைகள் இலட்சக்கணக்கில் காட்டு வழியே நடந்தனர்; பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். பத்தாண்டுக் காலம் இரங்கூனில் வாழ்ந்து தமிழ்ப் பணி ஆற்றிய வெ. சாமிநாத சர்மா, தாம் நடந்து வந்த அப்பயணத்தை நூலாக எழுதி வைத்தார். வட்டியின் வரலாற்றில் வட்டி வாங்காதவர் செலுத்திய விலை இது.

1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. 1962இல் நேவின் தலைமையில் இராணுவ ஆட்சி வந்தபின் கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாயின. இந்தியர் பெருந்திரளாகத் தாயகம் திரும்பினர். அவர்களில் எளியோர் பலருக்கு வாழ்வளித்த இடமாகச் சென்னையின் பர்மா பஜார் இன்றும் விளங்குகின்றது. முன்னறிந்து முதலைத் திருப்பிக் கொணர்ந்தோரும் உளர். பர்மாவில் வட்டித்தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பத்தினர் சென்னையில் மிதிவண்டி முதலிய தொழில்களில் ஈடுபட்டனர். மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைச் சென்னை, காரைக்குடி, இரங்கூன் ஆகிய மூன்றிடங்களிலும் ஒரே நாளில் தொடங்கினார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், காரைக்குடியில் அழகப்பர் நிறுவிய கல்லூரிகளும் எழுந்தன. இவை போற்றத்தக்கன என்பதில் ஐயமில்லை. எனினும், அக்கல்விச் சாலைகளின் செங்கல்லில் கடல் கடந்த உழவன் ஒருவனின் நெல்லும் கலந்துள்ளது என்று நினைவுகூர்வது நன்றிகேடாகாது. அதுவும் ஒருவகை மகமையே.

இனிச் செய்யத்தக்கன

முனிர்காவில் எழுதப்பட்ட ஆய்வேடு 1930இல் நின்றது. நிலம் பெருவாரியாகக் கைமாறியது அதற்குப் பிற்பட்ட எட்டாண்டுகளில் ஆகும். எந்த ஆண்டில் ஏட்டை மூடுகின்றோமோ அதனைப் பொறுத்தே தொழில்முனைவோர் கதையாகவோ நிலக்கிழார் கதையாகவோ அது முடிகின்றது. ஆதலின், அப்பணியைத் தொடர்வார்க்கு இரண்டு கடமைகள் உள்ளன.

முதலாவது, நம் மொழியில் உள்ள சான்றுகளைக் காத்தலும் கற்றலும் ஆகும். ஐந்தொகையும் பேரேடும், சம்பளச் சீட்டும் முறைச்சிட்டையும், திருமணத்தில் எழுதப்பெறும் இசைகுடிமானமும் வரலாற்று மூலங்கள். ஆச்சிமார் பணம் எவ்வளவு நின்றது என்பதை எந்த விசாரணைக் குழு அறிக்கையும் முழுமையாகக் கூறாது, பேரேடு கூறும். செட்டிநாட்டு வீடுகள் இடிக்கப்பட்டுத் தூண்களும் கதவுகளும் விலைக்குச் செல்கின்ற காலம் இது. தூணுக்கு விலை உண்டு. பழங்கணக்கு எடைக்குப் போகின்றது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டி வைத்த நூல்களும் அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் 1992இல் அவர் மறைந்த பின்னும் சிதறாமல், 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றன. ஒருவர் முயற்சி இத்துணைப் பயன் தருமாயின் ஊர்தோறும் சிலர் முயன்றால் விளையும் பயனைக் கூறவும் வேண்டுமோ? மேலும், கதையும் சான்றாகும். மேடான் நகரில் வட்டிக்கடையில் பணியாற்றிய ப. சிங்காரம் எழுதி 1972இல் வெளியான 'புயலிலே ஒரு தோணி', கடைப் பையன்களின் பேச்சையும் ஏக்கத்தையும் எந்த அறிக்கையும் காட்டாத தெளிவோடு காட்டுகின்றது.

இரண்டாவது, நம் மொழியில் இல்லாத சான்றுகளையும் தேடுதல் ஆகும். நிலம் இழந்த பர்மிய உழவன் தன் மொழியில் என்ன சொன்னான்? அவன் பாடல்களும் விண்ணப்பங்களும் நாளேடுகளும் தமிழருக்கு எட்டியதில்லை. பர்மிய மொழி கற்ற தமிழ் வரலாற்றாசிரியரும், தமிழ்க் கணக்கேடு படிக்கத் தெரிந்த பர்மிய வரலாற்றாசிரியரும் ஒரே மேசையில் அமரும் நாளிலேதான் இவ்வரலாறு அந்நியர் அறிக்கையின் பிடியினின்று முற்றும் நீங்கும். அதுவரை, இருவரும் மூன்றாமவர் ஒருவரின் மொழியில், அவர் வகுத்த அட்டவணைகளைக் கொண்டே ஒருவரையொருவர் அறிந்து வருவர்.

தலைநகரில் பல மொழியினரோடு அருகருகே வாழும் நமக்கு இக்கடமை சற்று எளிதாக வாய்த்துள்ளது. நம் இல்லங்களில் பர்மாவிலிருந்து வந்த பெட்டி ஏதேனும் இருப்பின், அதனுள் உள்ள தாள்களைக் கழிக்கும் முன் அறிந்தவர் ஒருவரிடம் காட்டுவோமாக. வரவும் பற்றும் ஒரே ஏட்டில் நேர்நேராக எழுதப்படுவதே பேரேட்டின் முறை. வணிகருக்குரிய அந்நேர்மையை வரலாற்றாசிரியரும் மேற்கொள்வாராயின், ஈட்டியதும் இழந்ததும், கொடுத்ததும் கொண்டதும் ஒருங்கே விளங்கும். ஐந்தொகையும் சரியாக இருக்கும்.